பத்திரம்னா யார்கிட்ட இருந்து பத்திரம்?

போன மாசம் எனக்குப் பிரிவு உபசாரம் பண்ணுனாங்க. சமோசா, டீ, ஒரு சால்வை. நான் பேசி முடிச்சதும் புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு, "சார், நீங்க எழுதுன புரோகிராம்ல எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் பிரைவேட், பிரைவேட்னு இருக்குது. நாங்க இப்ப எழுதற லாங்குவேஜ்ல அப்படி ஒண்ணு கெடையாது. பேருக்கு முன்னால ஒரு சின்னக் கோடு போட்டுருவோம். 'இதத் தொடாதீங்க'ன்னு அர்த்தம். தொட்டாலும் ஒண்ணும் சொல்லாது" அப்படின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா கையில இருந்த டீ சட்டையில சிந்திருச்சு. வயசாயிருச்சு, கை நடுங்குதுன்னு நெனச்சுப் பேப்பர் கொண்டுவந்து தொடச்சு விட்டாங்க. வயசு இல்லீங்க. அது பயம்.

பயத்துல எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு. நாமகிரிப்பேட்டையில எங்க தோட்டத்துல மஞ்சள் வேக வெக்கும்போது எல்லாரும் கொப்பரையச் சுத்தி நிப்பாங்க. நான் மட்டும் களத்துக்கு அந்தக் கடைசியில நின்னுக்குவேன். கொதிக்கறது எதுவா இருந்தாலும் எனக்கு ஆகாது. டிப்ளமோ படிச்சு, கம்ப்யூட்டர் கத்துக்கலாம்னு நான் முடிவு பண்ணுனதுக்கு ஒரே காரணம், அங்க ஏசி ரூம் இருக்கும், அடுப்பு இருக்காதுங்கறதுதான். அந்த ஏசி ரூம்தான் கடைசியில என்னைக் கொண்டுபோயி பாய்லர் முன்னால நிறுத்துச்சு.

எண்பதுகளோட கடைசி அது. சேலம் அஸ்தம்பட்டியில மாடியில எங்க ஆபீஸ். கீழ பல் ஆஸ்பத்திரி. நாங்க மில்லு, சாயப்பட்டறை, போர் போடற ரிக் கம்பெனிக்கெல்லாம் மெசின் ஓட்டற புரோகிராம் எழுதிக் குடுத்தோம். நாங்க எழுதறப்ப கீழ இருந்து அலறல் சத்தம் வரும். மாடிக்கு வார பார்ட்டிக, எங்க புரோகிராமப் பாத்துத்தான் யாரோ அலறறாங்கன்னு நெனச்சுக்குவாங்க.

எங்களுக்கு மேல சுலோச்சனா மேடம். ஆத்தூர்ப் பக்கத்துக்காரங்க. எங்க ஊர்ல சின்னக் கொழந்தையக் கூட "வாங்க சாமி, சாப்புடுங்க சாமி"ம்போம். அவங்க பேச்சுல அந்த 'ங்க' வராது. "வா. உக்காரு. படி." அவ்வளவுதான். கோவமெல்லாம் இல்ல, அவங்க ஊர்ப் பேச்சே அப்படி. ஆனா திருச்செங்கோட்டுல இருந்து வந்த கொளந்தவேலு, சேந்த மொத வாரம் பூரா, "மேடம் நம்மள என்னமோ மனசுல வெச்சுக்கிட்டுப் பேசறாங்கடா"ன்னு பொலம்பிக்கிட்டே இருந்தான்.

மேடம் புரோகிராம் பாக்கற மொறையே தனி. கம்ப்யூட்டர் திரையில பாக்க மாட்டாங்க. ஓரத்துல ஓட்டை போட்ட நீளப் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, தரையில பாய் மாதிரி விரிச்சு, முட்டி போட்டு உக்காந்துக்குவாங்க. கையில ஒரு இரும்பு ஸ்கேலு. எழுதுனவன் எதுக்க உக்காந்து ஒவ்வொரு வரியாச் சத்தமாப் படிக்கோணும். வரிக்குக் கீழ ஸ்கேலு நகரும். ஏதாவது ஒரு நம்பர் வெக்கற எடம் வந்தா ஸ்கேலு நின்னுரும்.

"இத யார் தொடலாம்?"

"இந்தக் கிளாஸ் மட்டுந்தானுங்க மேடம்."

"வேற?"

"வேற யாருமில்லீங்க."

அப்பத்தான் ஸ்கேலு அடுத்த வரிக்கு எறங்கும். பதில் சொல்றப்ப சித்தே இழுத்தோம்னா, "போயி எழுதிட்டு வா." அந்த ஸ்கேலால யாரையும் அடிச்சதில்ல. ஆனா அது நின்னா நான் முட்டிய மடக்கிச் சித்தே பின்னால தள்ளி உக்காந்துக்குவேன்.

கிளாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சித்தே சொல்லீர்றேன். ஒரு வேலைக்கு வேணுங்கற நம்பருகளையும், அந்த நம்பர வெச்சுச் செய்யற காரியத்தையும் ஒரே ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டறது. அதுதான் கிளாஸு. அந்த ஊட்டுக்கு வாரிசு உண்டாக்கலாம். வாரிசுக் கிளாஸுக்கு அப்பன்கிட்ட இருக்கறதெல்லாம் தானா வந்துரும். புதுசா என்ன வேணுமோ அத மட்டும் எழுதுனாப் போதும். சி பிளஸ் பிளஸ்னு அந்த லாங்குவேஜு அப்பத்தான் பிளாப்பியில வெளிநாட்டுல இருந்து எங்க கைக்கு வந்துச்சு. அதுல ஒவ்வொரு நம்பரையும் யார் தொடலாம்னு மூணு வகையாச் சொல்லோணும். பப்ளிக், பிரைவேட், புரொடெக்டட்.

கொளந்தவேலு அந்த மூணுக்கும் அவன் பாசையில பேரு வெச்சான். பப்ளிக்குனா பொறம்போக்கு. யாரு வேணா மாட்டக் கட்டலாம். பிரைவேட்டுனா பட்டா நெலம். அப்பன் உசுரோட இருக்கற மட்டும் மகன் கூடக் கைய வெக்க முடியாது. சொத்து வாரிசுக்கு வந்திருக்கும், ஆனா சாவி அப்பன் மடியிலயே இருக்கும். அந்த ரெண்டும் சரிதான். மூணாவதுதான் கோளாறு. புரொடெக்டட்டுக்கு அவன் வெச்ச பேரு 'பத்திரம்'. பாதுகாப்பா இருக்குதுங்கற பத்திரம். எங்க எல்லாருக்கும் அந்தப் பேரு புடிச்சுப் போச்சு. "அத எங்கடா வெச்ச?" "பத்திரத்துல போட்டுட்டேன்." கேக்கறவனுக்கும் நிம்மதி, சொல்றவனுக்கும் நிம்மதி.

அப்பத்தான் ஜலகண்டாபுரத்துல இருந்து ஒரு சாயப்பட்டறை ஆர்டர் வந்துச்சு. அங்க பாய்லர் பாத்துக்கிட்டு இருந்தது என்ற அக்கா ஊட்டுக்காரரு, ராசு மாமா. "எங்க மச்சினன் சேலத்துல கம்ப்யூட்டர்ல இருக்கறானுங்க"ன்னு மொதலாளிகிட்டப் பெருமையடிச்சு ஆர்டர வாங்கிக் குடுத்ததே அவருதான். பட்டறையில ஒரே ஜோடியா ரெண்டு விறகு பாய்லரு. நீராவி அழுத்தத்த ஒரு ஒயரு வழியாக் கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டே இருக்கும். லிமிட்டத் தாண்டுனா, நெருப்புக்குக் காத்து ஊதற பேன நிறுத்தும், மணி அடிக்கும். அவ்வளவுதான் வேலை. பாய்லர்ல, அழுத்தம் மீறுனாத் தானாத் தூக்கி ஆவிய வெளிய விடற சேப்டி வால்வுன்னு ஒண்ணும் இருந்துச்சு. அது தூக்கி நான் பாத்ததில்ல மாப்ளன்னு மாமா ஒருக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

பாய்லருங்கற மூலக் கிளாஸ மேடமே எழுதுனாங்க. ரெண்டு பாய்லரும் ஒரே மாதிரிங்கறதால, லிமிட் நம்பர ஒவ்வொரு பாய்லருக்குள்ளயும் தனித்தனியா வெக்காம, மொத்தக் கிளாஸுக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணு வெச்சாங்க. ஒரே நம்பர ரெண்டு எடத்துல எழுதுனா ஒருநாள் ஒண்ணு மாறும், இன்னொண்ணு மாறாதுன்னு அவங்க சொன்ன நாயம். நல்ல நாயந்தான். அந்த நம்பர புரொடெக்டட்ல வெச்சாங்க. எங்க பாசையில சொன்னா, பத்திரத்துல. அது கொஞ்ச காலம் பத்திரமாவே ஓடுச்சு.

பொறகு ஒரு பாய்லர் ஓட்டையாகி, மொதலாளி அதுக்குப் பதிலாப் புதுசு ஒண்ணு வாங்குனாரு. இன்னொரு பழசு அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. புதுசு பழசை விட நெறைய அழுத்தம் தாங்கும். கொளந்தவேலு 'புது பாய்லர்'னு ஒரு வாரிசுக் கிளாஸு எழுதுனான். புரோகிராம் ஓடத் தொடங்கி அது உருவாகும்போதே லிமிட்டத் தூக்கி வெக்கற மாதிரி ஒரு வரி. வாரிசுதானே, புரொடெக்டட்ல இருக்கறதத் தொட அதுக்கு உரிமை இருக்குது. கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேக்கல. ஆபீஸ்ல புது பாய்லர டெஸ்ட் பண்ணுனோம், சரியா நின்னுச்சு. பழைய பாய்லர டெஸ்ட் பண்ணல. அதுல ஒரு எழுத்துக் கூட மாத்தலயே, அதப் போயி எதுக்கு டெஸ்ட் பண்ணோணும்?

மேடம் அந்த வாரம் லீவுல இருந்தாங்க. அவங்க திரும்பி வந்த காலையில, கொளந்தவேலு மொத பஸ்ஸுலயே பிளாப்பியோட ஜலகண்டாபுரம் போயிட்டான். "பிரிண்ட விரி"ன்னாங்க. எழுதுனவன் இல்லாததால படிக்கற வேலை எனக்கு வந்துச்சு. புது பாய்லர் கிளாஸத் தொடங்கி, அந்த வரிக்கு வந்தேன். ஸ்கேலு நின்னுச்சு.

"இத யார் தொடலாம்?"

"இது பத்திரத்துல இருக்குதுங்க மேடம்."

"பத்திரம்னா?"

"புரொடெக்டட்டுங்க. பத்திரமா இருக்கும்."

"யார்கிட்ட இருந்து பத்திரம்?"

"வெளியாளுககிட்ட இருந்துங்க."

"வாரிசுகிட்ட இருந்து?"

நான் அந்த வரிய மறுபடி படிச்சேன். கீழ பல் ஆஸ்பத்திரியில மெசின் ஓடற சத்தம் கேட்டுச்சு.

"இது எந்தக் கிளாஸுல இருக்கற லிமிட்டு?" அப்படின்னாங்க.

 அது அவங்க கிளாஸு. மத்தவங்க எழுதுனதெல்லாம் அந்தப் பாயில படிச்சாச்சு. மேடம் எழுதுனத எவன் எதுக்க உக்காந்து, "இத யார் தொடலாம்"னு கேக்கறது? பூனைக்கு மணி கட்டறதுக்கே ஆளில்ல, நாங்க எங்க ஸ்கேலப் புடிக்கறது? மெதுவாச் சொன்னேன்: "நீங்க எழுதுனதுலதானுங்க. பொதுவா ஒண்ணு வெச்சீங்களே."

அவங்க ஸ்கேலத் தரையில வெச்சாங்க. மொகத்துல ரத்தமே இல்ல. அதப் பாத்ததுக்கப்பறந்தான் எனக்கும் வெளங்குச்சு. எங்க ஊர்ல பங்காளிகளுக்குக் கூட்டுக் கெணறு இருக்கும். ஒருத்தன் தன் பங்குதானேன்னு பெரிய மோட்டாரு வெச்சு எறச்சா, அண்ணன் காட்டுக்கும் தண்ணி இருக்காது. அவன் அண்ணனோட காட்டுல காலே வெச்சிருக்க மாட்டான். இதுவும் அப்படித்தான். புதுசு தன் லிமிட்டத் தூக்குதுன்னு நெனச்சுத் தூக்குச்சு. ஆனா இருக்கறது மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நம்பரு. புது பாய்லரு உருவான அந்த நிமிசத்துல இருந்து பழைய பாய்லரோட லிமிட்டும் மேல ஏறியிருக்கும். அது தாங்காத அழுத்தம் வந்தாலும் மணி அடிக்காது. அது முன்னால விறகு போட்டுக்கிட்டு நிக்கறது ராசு மாமா.

பட்டறைக்குப் போன் போட்டோம். அடிக்குது, அடிக்குது, எடுக்க ஆளில்ல. மறுபடி போட்டா லைனே இல்ல. மேடம் செருப்ப மாட்டிக்கிட்டு, "உன் ஸ்கூட்டர எடு"ன்னாங்க.

என்ற ஸ்கூட்டரு பழசு. அதவிட மெதுவா நான் ஓட்டுவேன். மேட்டுல லாரி வந்தா எறங்கி ஓரமா நிக்கற ஆளு. அன்னிக்கு எனக்குள்ள ரெண்டு பயம் சண்டை போட்டுச்சு. வேகமாப் போனா நாங்க செத்துருவோம், மெதுவாப் போனா மாமா செத்துருவாரு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேகத்துல போனேன். தாரமங்கலத்துக்கு இந்தப் பக்கமாவே மேடம் தோளத் தட்டி, "எறங்கு. நான் ஓட்டறேன்"னாங்க. சேலைய இழுத்துச் சொருகிட்டு முன்னால உக்காந்தாங்க. நான் பின்னால உக்காந்து ஸ்டெப்னி டயரக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். பொம்பள ஓட்ட ஆம்பள பின்னால போறத ரோட்டோரமெல்லாம் நின்னு பாத்தாங்க. ஒருத்தரு, "ஏனுங்க, மாப்பளயக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா, இல்ல புடிச்சுக்கிட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டாரு. வேற நாளா இருந்தா நானே சிரிச்சிருப்பேன். அன்னிக்கு என் காது பூராவும் ஒரே ஒரு சத்தத்தத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஜலகண்டாபுரம் பக்கத்துல வானத்துல பொகை தெரிஞ்சாலே கண்ண மூடிக்கிட்டேன். அங்க நாலு பட்டறை, நாலு பொகைக்கூண்டு. ஒவ்வொண்ணுக்கும் மூடித் தொறந்தேன்.

பட்டறை அப்படியே நின்னுச்சு. வாசல்ல கொளந்தவேலு டீ குடிச்சுக்கிட்டு, "ஓடிருச்சுங்க மேடம், ஜம்முன்னு"ன்னு எந்திரிச்சான். மேடம் அவனப் பாக்கவே இல்ல. நேரா பாய்லர்க் கொட்டாய்க்குப் போனாங்க.

பழைய பாய்லர் மூஞ்சியில வட்டமா ஒரு மீட்டரு. அதுல மாமா எப்பவோ செகப்புப் பெயிண்டுல ஒரு கோடு போட்டிருந்தாரு. முள்ளு அந்தக் கோட்டத் தாண்டி நின்னுச்சு. நெருங்கி இல்ல, நல்லாவே தாண்டி. மாமா தோள்ல துண்டோட, கையில விறகோட திரும்பி, "வாங்க மேடம். வா மாப்ள"ன்னாரு.

மேடம் சத்தம் போடல. "அந்த விறகக் கீழ வெச்சிரு. பேன நிறுத்து. தண்ணியத் தொறக்காத"ன்னாங்க. மாமாவுக்கு அந்தப் பேச்சு சுருக்குன்னு பட்டிருக்கும், ஆனா மொகத்தப் பாத்துட்டு, சொன்னபடி செஞ்சாரு. அப்பறம் நீராவி போற கொழாய் வால்வத் தொறக்கோணும். ஒரேடியாத் தொறக்கக் கூடாது. மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா, சாயத் தொட்டிப் பக்கம் ஆவி போகற மாதிரி. அந்தச் சக்கரம் பாய்லருக்குப் பக்கத்துலயே இருக்குது. அது மாமா கைப்பழக்கம். வேற ஆளு திருப்புனா ஒரேடியாத் தொறந்துக்கும். மத்தவங்கள எல்லாம் வெளிய போகச் சொன்னாங்க மேடம். போயிட்டாங்க. நானும் போயிருக்கலாம். கால் வரல. தைரியம்னு நெனச்சுக்காதீங்க. நெசமாவே கால் வரல.

மாமா சக்கரத்தத் திருப்பிக்கிட்டே கேட்டாரு, "என்ன மாப்ள, பயந்துட்டீங்களா ரெண்டு பேரும்? முள்ளு ஏறுனத நானும் பாத்தேன். முந்தியெல்லாம் இவ்வளவு ஏறவுட மாட்டேன். கம்ப்யூட்டரே சும்மா இருக்குது, நம்மளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

எத்தனையோ பேரு என்னைத் திட்டியிருக்காங்க. அது எதுவும் அந்தப் பேச்சு மாதிரி உள்ள எறங்குனதில்ல. செகப்புக் கோட்ட மாமா அவரு கண்ணால பாத்துப் போட்டாரு. நாங்க போயி மணி கட்டி, அந்தக் கண்ணுக்கு லீவு குடுத்துட்டோம்.

முள்ளு அசையவே இல்ல. பாய்லருக்குள்ள இருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்துச்சு, இரும்பு மூச்சு விடற மாதிரி. மேடம் என் கையப் புடிச்சிருந்தாங்க. நான் புடிச்சனா, அவங்க புடிச்சாங்களான்னு இன்னிக்கும் தெரியாது. அப்பறம் முள்ளு ஒரு நூல் அளவு எறங்குச்சு. திரும்ப ஒரு நூலு. கோட்டுக்கு வந்துச்சு. கோட்டுக்குக் கீழ வந்துச்சு. மாமா துண்டால மொகத்தத் தொடச்சுக்கிட்டு, "சரீங்க. இப்பச் சொல்லுங்க, என்ன கோளாறு?"ன்னாரு.

"எங்க கோளாறு. நான் எழுதுனது"ன்னாங்க மேடம். 

கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்து அவங்களே மாத்துனாங்க. லிமிட்டு இனிப் பொதுவுல இல்ல. ஒவ்வொரு பாய்லருக்கும் அதது சொந்தம். அதுவும் பட்டாவுல. உருவாகும்போது ஒருக்கா எழுதறதோட சரி. அப்பறம் பாக்கலாம், தொட முடியாது. வாரிசானாலும் முடியாது. மாத்திட்டு, கொளந்தவேலு எழுதுன பழைய வரிய அப்படியே விட்டு ஓட விட்டாங்க. திரையில தப்புன்னு வந்துச்சு, இந்த வரி இதத் தொட முடியாதுன்னு. கொளந்தவேலு மெதுவா, "கம்ப்யூட்டரு இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் டீயக் குடிச்சிருக்க மாட்டேங்க மேடம்"ன்னான். அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு.

அதோட முடியல. எனக்கு வேணுங்கறது முடியறதுதான். ஆனா மணி அடிக்குதான்னு பாக்கோணுமே. ஒயரக் கழட்டிப் பொய்யான அழுத்தம் குடுத்துப் பாத்தாங்க, அடிச்சுச்சு. "பத்தாது. நெருப்பு வெச்சுப் பாக்கணும்"ன்னாங்க. மாமா மறுபடி விறக எடுத்தாரு. மறுபடியும் நாங்களா அந்த முள்ள ஏத்த வேண்டியதாப் போச்சு. முள்ளு எறங்குனப்ப இருந்த பயம் கூடப் பரவால்லீங்க. தெரிஞ்சே ஏத்தறமே, அதுதான் பெரிய பயம். முள்ளு கோட்டுகிட்ட வந்துச்சு. கோட்ட ஒரசுச்சு.  மணி அடிச்சுச்சு. பேனு நின்னுச்சு.

மத்தியானமாயிருச்சு. மாமா தூக்குப்போசிய எடுத்தாரு. அக்கா கட்டிக் குடுத்த தக்காளிச் சோறு. "உக்காருங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்"னு கொட்டாயிலயே சாக்க விரிச்சாரு. அங்கதான் தெனமும் சாப்புடுவாராம், பாய்லரச் சுத்துன செங்கச் செவுத்துல முதுகச் சாய்ச்சுக்கிட்டு. மேடம் வேண்டாம்னு சொல்லல. அவருக்குப் பக்கத்துல, அதே பாய்லர்ப் பக்கம் முதுகக் காட்டி உக்காந்தாங்க. என்னால அப்படி முடியல. நான் மீட்டரு தெரியற மாதிரி அவங்களுக்கு எதுக்க உக்காந்துக்கிட்டேன். சோத்தப் பெசையறேன், பெசையறேன், வாய்க்குப் போகவே மாட்டேங்குது.

"ஏன் மாப்ள, உங்கக்கா சோத்துல உப்பில்லையா?"ன்னாரு மாமா.

இருக்குதுங்க மாமான்னேன்.

"அப்பறம் எதுக்கு என் தலைக்கு மேலயே பாத்துக்கிட்டு இருக்கற? சோத்தப் பாத்துத் தின்னு சாமி."